ஒப்பந்தத்தில் வந்த ஊர்கள்: மலை நகரங்களுக்கு வெளிநாட்டு உதவி எதற்கு, யாருக்கு?

பந்தலூர்_மகள் (குன்னூர்)

போன வாரம் குன்னூரில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். "அனைவருக்குமான நகரம், நிலைத்த நகரம்" என்று பேனர் கட்டியிருந்தார்கள். வெளிநாட்டு நிதி, வெளிநாட்டு நகரங்களின் அனுபவம் இதையெல்லாம் வைத்து நம் மலை ஊர்களுக்கு என்ன செய்யலாம் என்று இரண்டரை மணி நேரம் பேசினார்கள். நல்ல விஷயங்கள்தான் பேசினார்கள். ஆனால் அன்று காலை அந்த மண்டபத்தைக் கூட்டி, நாற்காலி போட்டு, டீ கொண்டுவந்து வைத்த அக்காக்கள் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். குன்னூரின் குப்பை எந்தச் சரிவில் விழுகிறது, எந்த வீட்டுக் கழிவுநீர் எந்த ஓடையில் இறங்குகிறது என்று உள்ளே இருந்த எல்லாரையும் விட அவர்களுக்குத் தெரியும். அவர்களை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் இந்த மலைக்கு வந்ததே இரண்டு நாடுகள் போட்ட ஒப்பந்தத்தால். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று முடிவு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் பாட்டியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் நீலகிரியில் பந்தலூர் குளிருக்கு வந்து சேர்ந்தார்கள். "நம்மள எண்ணிப் பிரிச்சுக்கிட்டாங்க" என்று பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் இப்படி வந்தவர்களால் வளர்ந்த ஊர்கள் எத்தனை! அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் வனத்துறை தேயிலை நடத் தொடங்கியது. அது பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. ஆகவே சர்வதேச ஒத்துழைப்பு நமக்குப் புதிது இல்லை. எங்களுக்கு அது வேலை கொடுத்தது, ஊர் கொடுத்தது. சொந்த வீடு மட்டும் கொடுக்கவில்லை. எந்தத் தோட்டமானாலும் லைன் வீடு என்ற தோட்டத்து வரிசை வீடு வேலை இருக்கும்வரைதான்.

2015-ல் ஐ.நா. பதினேழு இலக்குகளை வகுத்தது. பதினோராவது இலக்கு நகரங்களைப் பற்றியது. அடுத்த வருடம் ஈக்வடாரின் கீட்டோவில் புதிய நகர்ப்புறக் கொள்கை ஒன்றையும் உலக நாடுகள் ஏற்றுக்கொண்டன. யாரையும் விட்டுவிடக் கூடாது என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை. இந்த வார்த்தை குன்னூர் படிக்கட்டு வரை எப்படி இறங்கி வரும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கட்டபெட்டு_தம்பி (கோத்தகிரி)

அக்கா, மனதைத் தொட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வெளிநாட்டை நம்பி எதையும் கட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பாடம். அப்பா சிறு தேயிலை விவசாயி. நீலகிரித் தேயிலைக்கு அப்போது பெரிய வாடிக்கை சோவியத் யூனியன். ரூபாயிலேயே வியாபாரம் நடந்தது. தரம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள் என்று இங்கே எல்லாரும் உருளைக்கிழங்கை விட்டுத் தேயிலைக்கு மாறினார்கள். 1991-ல் அந்த நாடே இல்லாமல் போனது. பத்து வருடத்துக்குள் பச்சைத் தேயிலை விலை பறிகூலிக்குக்கூடக் கட்டாத நிலைக்கு வந்துவிட்டது. எங்கள் ஹட்டியில், அதாவது எங்கள் கிராமத்தில், பாதிப் பேர் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போனார்கள். விற்ற நிலத்தில் காட்டேஜ் முளைத்தது. கோத்தகிரி இன்று இப்படி வளர்ந்து நிற்பதற்கு அந்த விலைச் சரிவும் ஒரு காரணம்.

ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பி நின்றோம். கடன் வாங்கும்போதும் அதே தவறுதான் நடக்கும் என்று பயமாக இருக்கிறது.

பழைய_கணக்கர் (உதகை)

நான் நகராட்சிக் கணக்குப் பிரிவில் வெவ்வேறு ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணம் வரும் வழியைச் சொன்னால் தம்பியின் பயம் எங்கே நியாயம், எங்கே இல்லை என்று புரியும்.

ஒரு நகராட்சி நேராக வெளிநாட்டில் கடன் வாங்க முடியாது. மத்திய அரசு வாங்கும், மாநிலத்துக்கு வரும், அங்கிருந்து தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் போன்ற அமைப்புகள் வழியாக நகராட்சிக்குக் கடனும் மானியமுமாக வரும். அந்த நிதியம் 1996-ல் உலக வங்கி உதவியோடு ஏற்பட்டது. பின்னால் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிப் பணமும் அதில் வந்தது. ஆக, டாலர் ஏறினால் ஊட்டி நகராட்சி அடுத்த நாளே தவிக்கும் என்பதில்லை. ஆனால் அசலையும் வட்டியையும் சொத்து வரியிலும் தண்ணீர்க் கட்டணத்திலும் இருந்துதான் கட்டியாக வேண்டும். திட்டம் சரியாக ஓடாவிட்டால் சுமை நம் ஊர்க்காரன் தலையில்தான்.

ஒத்துழைப்பு என்றால் கடன் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அருகில் இருந்து பார்த்து வியந்தது வேறு ஒன்று. 2002-ல் தமிழ்நாட்டின் 13 சின்ன உள்ளாட்சிகள் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்காக ஒன்றாகச் சேர்ந்து சுமார் 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டன. தனியாகப் போயிருந்தால் ஒருவருக்கும் சந்தையில் யாரும் பணம் தந்திருக்க மாட்டார்கள். சேர்ந்து போனதால் கிடைத்தது. அமெரிக்க அரசின் உதவி முகமை அதில் ஒரு பகுதிக்கு உத்தரவாதம் மட்டும் கொடுத்தது. பணம் முழுக்க நம் நாட்டில் திரட்டியது, ரூபாயில் திரட்டியது. தோளில் கை வைத்து "போ, நான் இருக்கிறேன்" என்று சொன்ன மாதிரி. உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் நான்கும் கழிவுநீருக்கு இப்படி ஒன்றாக நிற்கலாம். கொடைக்கானலும் சேரலாம். மலைச்சரிவு, மழை, சீசன் கூட்டம் என்று எல்லாருக்கும் ஒரே பிரச்சினைதானே.

வின்டர்தூர்_தமிழன்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், இருபது வருடத்துக்கு மேல் சுவிட்சர்லாந்தில் இருக்கிறேன். பந்தலூர் சகோதரி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். உங்கள் பாட்டி ஏறிய அதே தலைமன்னார்க் கப்பலைப் பற்றி என் அம்மாவும் சொல்லுவார்.

நான் இருக்கும் ஊரின் பெயர் உங்கள் மலை ரயிலோடு கலந்தது. மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறும் நீராவி எஞ்சின்கள் இங்கே வின்டர்தூரில் இருந்த தொழிற்சாலையில் செய்தவை. பல்சக்கரத் தண்டவாள முறையை வகுத்த ஆப்ட் என்பவரும் சுவிஸ்காரர்தான். பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏறும் பாதை அது. முதல் தரம் குன்னூர் வந்து அந்த எஞ்சினில் ஊரின் பெயரைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதைவிட எனக்குப் பெருமையான விஷயம், பழைய எஞ்சின்கள் தேய்ந்தபோது திருச்சி பொன்மலைப் பணிமனையில் இருக்கிற தொழிலாளர்கள் புது எஞ்சின்களைத் தாங்களே கட்டினார்கள். வெளியில் இருந்து வந்த தொழில் இங்கேயே தங்கிவிட்டது. ஒரு திட்டத்தை நான் இப்படித்தான் எடைபோடுவேன். கொண்டுவந்தவர்கள் போன பிறகு அதைப் பழுதுபார்க்க உள்ளூரில் ஆள் இருக்கிறாரா?

இன்னொன்று. செர்மாட் என்று இங்கே ஒரு மலை ஊர் இருக்கிறது. பெட்ரோல், டீசல் கார் ஊருக்குள் வர முடியாது. ஐந்து கிலோமீட்டர் கீழே டேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு ரயிலில் ஏற வேண்டும். சுற்றுலா அதனால் குறையவில்லை.

ஊட்டி_காட்டேஜ்

ஐயா, செர்மாட் பெயரை இங்கே எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025 ஏப்ரலில் இருந்து சீசன் நாளில் ஊட்டிக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பும் வந்தது. நெரிசல் பற்றி எனக்கும் கவலை உண்டு, என் பிள்ளைகளும் அதே ரோட்டில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் காரை நிறுத்தச் சொன்னவர்கள் அதற்கு ஈடாக எத்தனை பஸ் விட்டார்கள்? எங்களிடம் ஆறு அறை. வேலைக்கு ஐந்து குடும்பம். சீசன் இரண்டு மாதம் போனால் அவர்களுக்கு வருடமே போய்விடும். வரம்பு வைப்பவர்கள் முதலில் பஸ் வைக்கட்டும்.

வின்டர்தூர்_தமிழன்

நீங்கள் கேட்டது முழுக்கச் சரி. செர்மாட்டில் கார் இல்லை என்று மட்டும் சொல்லி, ரயில் இருக்கிறது என்பதை அழுத்திச் சொல்லாமல் விட்டது என் பிழை. அங்கே டேஷில் இருந்து பன்னிரண்டு நிமிடத்தில் மேலே போய்விடலாம், அடிக்கடி ரயில் உண்டு. மாற்று வழியைக் கட்டிய பிறகுதான் கதவைச் சாத்த முடியும்.

திட்டமிடல்_மாணவி

மலை ஊருக்கு இன்னொரு மலை ஊரைத்தானே பார்க்க வேண்டும்? எனக்குக் கொலம்பியாவின் மெடலின் நகரம்தான் நினைவுக்கு வருகிறது. பள்ளத்தாக்கில் நகரம், சுற்றிச் சரிவுகளில் ஏழைகள் தாங்களே கட்டிக்கொண்ட வீடுகள். கீழே வேலைக்குப் போய்வரவே மணிக்கணக்கில் ஆகும். 2004-ல் அந்தச் சரிவுக்கு ரோப்கார் போட்டார்கள். உல்லாசப் பயணிக்காகப் போட்டது இல்லை. மெட்ரோ ரயிலோடு சேர்த்த, தினமும் வேலைக்குப் போகிறவர்களின் வண்டி. கம்பி வடத் தொழில்நுட்பம் பிரான்ஸில் இருந்து வந்தது. நிலையத்தைச் சுற்றி நூலகம், பள்ளி, பூங்கா கட்டினார்கள். 2011-ல் இன்னொரு குடியிருப்பில், படிக்கட்டில் ஏறி ஏறி மூட்டு தேய்ந்தவர்களுக்காகத் திறந்த வெளியில் எஸ்கலேட்டரே வைத்தார்கள்.

நம் ஊரில் ரோப்கார் என்றாலே தொட்டபெட்டா, கோடநாடு, காட்சிமுனை என்றுதான் பேச்சு. ஊட்டியின் காந்தல் சரிவில் தண்ணீர்க் குடத்தோடு ஏறும் அம்மாவுக்கு என்ன வழி என்று ஒரு வரைபடம்கூட நான் பார்த்ததில்லை.

காந்தல்_பையன்

அந்தக் குடத்தோடு ஏறுகிறவர் என் அம்மா. தூய்மைப் பணியாளர். ஒப்பந்த அடிப்படையில்தான் இன்னமும்.

எங்களுக்கு ஒரு திட்டத்தில் பேட்டரி வண்டிகள் வந்தன. எங்கிருந்து, யார் கொடுத்தது என்று எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். சமவெளி ஊரில் நன்றாக ஓடும் வண்டி. எங்கள் சந்தில் பாரம் ஏற்றினால் பாதி மேட்டில் நின்றுவிடும். ஈர நாளில் பின்னால் வழுக்கும். அம்மாவும் இன்னொருவரும் பின்னால் கல் வைத்துக்கொண்டே நடப்பார்கள். கொஞ்ச நாளில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பழையபடி மூட்டையைத் தோளில் தூக்கினார்கள். செப்டிக் டேங்க் உறிஞ்சும் லாரியும் அப்படித்தான், ரோடு வரைதான் வரும். குழாய் நீளம் எட்டாத வீடுகளுக்கு என்ன செய்வது? கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-ல் வந்தது. எங்கள் சந்துக்குள் வரும் குழாய் இன்னும் வரவில்லை.

ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் அம்மாவோடு சந்தில் ஏறி இறங்கியிருந்தால் போதும். சக்கரம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், பிரேக் எங்கே வேண்டும், ஈரத்தில் எந்த டயர் பிடிக்கும் என்று அவரே சொல்லியிருப்பார்.

பந்தலூர்_மகள் (குன்னூர்)

தம்பி, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. உன் அம்மாவின் இந்தக் கணக்கை ஒரு கூட்டத்திலாவது அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

மூஞ்சிக்கல் (கொடைக்கானல்)

பழனி மலையில் இருந்து ஒரு குரல். வெளியில் இருந்து நமக்கு வருவதெல்லாம் உதவிதானா என்று நாங்கள் கேட்காமல் இருக்க முடியாது. அமெரிக்காவில் மூடிய ஒரு வெப்பமானித் தொழிற்சாலை 1980களில் இங்கே வந்தது. ஊரே மகிழ்ந்தது, வேலை கிடைத்தது. பாதரசத்தை எப்படிக் கையாள வேண்டும் என்ற அறிவு மட்டும் தொழிலாளிக்கு வரவில்லை. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி எங்கள் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்ததைக் கண்டுபிடித்த பிறகு, 2001-ல் ஆலை மூடியது. சோலைக் காடும் பாம்பாற்று நீரும் சேர்ந்து பாதிக்கப்பட்டன.

அதே கதையில்தான் ஒத்துழைப்பின் நல்ல முகத்தையும் பார்த்தேன். இங்கே தொழிலாளர்கள் போராடினார்கள். வெளிநாட்டில் இருக்கும் சுற்றுச்சூழல் அமைப்புகள் அங்கே குரல் கொடுத்தன. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. ஒரு பணக்கார நாட்டுக் குப்பை வந்த வழியே திரும்பியதை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு உடன்பாடு ஏற்பட்டது. அதற்குள் பதினைந்து வருடம் ஓடிவிட்டது, பலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. மண்ணைச் சுத்தப்படுத்த எந்த அளவுகோல் என்பதிலும் நீண்ட சண்டை: அந்த நாட்டில் குடியிருப்பு மண்ணுக்கு ஒரு அளவு, நம் மலைக்கு வேறு தளர்ந்த அளவா என்று.

பாதரசத்துக்கு இன்று மினமாட்டா என்ற உலக உடன்படிக்கையே இருக்கிறது, இந்தியாவும் 2018-ல் ஏற்றது. எனக்கு வேண்டியது இதுதான். பணத்தோடும் இயந்திரத்தோடும் அங்கே உள்ள பாதுகாப்பு அளவுகோலும் அப்படியே வர வேண்டும். அதில் பாதிகூடக் குறையக் கூடாது.

கட்டபெட்டு_தம்பி (கோத்தகிரி)

கொடைக்கானல் அண்ணா சொன்னதைக் கேட்ட பிறகு என் முதல் பதிவை மாற்றிச் சொல்கிறேன். வெளிநாடு வேண்டாம் என்பது இல்லை. கையெழுத்துப் போடும் நாளில் நம் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நகராட்சிக்கு உள்ளே வராதவர்கள் என்ன ஆவது? கூடலூர் பக்கம் பிரிவு 17 நிலத்தில் இருப்பவர்களைப் பாருங்கள். ஜென்மி என்ற பெரிய நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழிக்க 1969-ல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் 17-ம் பிரிவில் சிக்கிய நிலத்தில் வீடு கட்டி மூன்றாம் தலைமுறை ஆகிவிட்டது. பட்டா இல்லை, பல வீட்டுக்கு மின் இணைப்பு வாங்கவே போராட்டம். எந்த உலக வங்கி வந்தாலும் பட்டா இல்லாத வீட்டுக்குக் கழிவுநீர்க் குழாய் போடுவார்களா?

பழைய_கணக்கர் (உதகை)

போட மாட்டார்கள் தம்பி. நிலம் யாருடையது என்று முடிவாகாத இடத்தைத் திட்ட அறிக்கையில் சேர்க்கவே பயப்படுவார்கள். அதனால் மிகவும் தேவைப்படுகிறவர்கள் முதல் பக்கத்திலேயே வெட்டுப்பட்டுப் போகிறார்கள். இது வெளிநாட்டுக்காரர் செய்வது இல்லை, நம் வீட்டிலேயே தீர்க்க வேண்டியது. கீட்டோவுக்கும், ஐ.நா. நகர அமைப்பு இருக்கும் நைரோபிக்கும் போய் இதைத் தீர்க்க முடியாது, சென்னையில்தான் தீர்க்க முடியும்.

சகோதரி கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். படிக்கட்டில் இருப்பவர்களை உள்ளே கொண்டுவர நம்மிடம் ஒரு கதவு இருக்கிறது. நிறையப் பேர் அதைத் தட்டுவதே இல்லை. நகராட்சிகளில் வார்டு குழு, பகுதி சபை என்று 2022-ல் விதிகள் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராம சபை மாதிரி நகரத்துக்கு. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரெ நகரம் 1989-ல் இருந்து பட்ஜெட்டின் ஒரு பகுதியை மக்கள் கூட்டத்தில் பேசி முடிவு செய்தது. எந்தக் குடியிருப்புக்கு முதலில் சாக்கடை, எதற்கு அடுத்து ரோடு என்று குடியிருப்பவர்களே வரிசை போட்டார்கள். அந்தப் பழக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. ஒரு ரூபாய் கடன் இல்லாமல் இன்னொரு நாட்டில் இருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய சரக்கு இது. நம் பகுதி சபையில் இப்போது பெரும்பாலும் தெருவிளக்கு, நாய்த் தொல்லை என்று மனு வாங்கி முடித்துவிடுகிறார்கள். பட்ஜெட் தாளை விரித்து வைத்துக் கேட்க யாரும் இல்லை.

வின்டர்தூர்_தமிழன்

இங்கே சின்ன ஊர்களில் குடிமக்கள் ஆண்டுக்கு ஓரிரு தரம் கூடி, வரவு செலவுத் திட்டத்துக்குக் கை தூக்கி வாக்களிப்பார்கள். பெரிய செலவென்றால் வாக்கெடுப்பு. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. குடியுரிமை எடுக்கும்வரை, நான் வரி கட்டிய அத்தனை வருடமும் எனக்கு அந்த வாக்கு இல்லை. ஆகவே உங்கள் பகுதி சபையில் வாக்காளர் பட்டியலோடு நிறுத்தாதீர்கள். ஜார்க்கண்டில் இருந்து, அசாமில் இருந்து தோட்டத்துக்கும் ஓட்டலுக்கும் வந்த பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களையும் கூப்பிடுங்கள். நாளைக்கு அவர்களும் அந்த ஊர்தான்.

ஊட்டி_காட்டேஜ்

இது எனக்கு உறைத்தது. என்னிடம் இருக்கும் ஐந்து குடும்பத்தில் இரண்டு அசாம். எந்தக் கூட்டத்துக்கும் அவர்களை அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

திட்டமிடல்_மாணவி

கீழே இருப்பவர்களையும் மறந்துவிட வேண்டாம். குன்னூர் ஆறு ஊரின் அழுக்கையெல்லாம் சுமந்து மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் சேர்கிறது, அங்கிருந்து பவானிசாகர். ஈரோடு வரை அந்தத் தண்ணீரை நம்பி விவசாயம் இருக்கிறது. மலையில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் பலன் சமவெளிக்கும் போகிறது. அப்போது செலவில் சமவெளியும் பங்கு போடுவதுதானே நியாயம்? நாடுகளுக்கு நடுவே கேட்கும் அதே நீதியை மலைக்கும் அடிவாரத்துக்கும் நடுவே கேட்கிறேன்.

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009 நவம்பரில் நிலச்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சரிவில் வடிகாலை அடைத்து வீடு கட்டினால், அடைத்தவரின் வீடு நிற்கும், கீழே ஓட்டு வீட்டில் இருப்பவரின் சுவர் விழும்.

பழைய_கணக்கர் (உதகை)

மாணவி சொன்ன பங்கு விஷயம் நல்ல வழக்கு. நான்கு மலை ஊர்களோடு மேட்டுப்பாளையத்தையும் சேர்த்தால், கடன் பத்திரம் கேட்டாலும் மானியம் கேட்டாலும் கை வலுக்கும். வரைவுக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கிறேன். ஊர் ஊராகச் சொத்து வரி வசூல் எவ்வளவு, பழைய கடன் எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். குன்னூருக்குச் சகோதரி மனு போடுங்கள், கோத்தகிரிக்குத் தம்பி.

கட்டபெட்டு_தம்பி (கோத்தகிரி)

சரிங்க ஐயா. திங்கட்கிழமை போட்டுவிடுகிறேன்.

காந்தல்_பையன்

அம்மாவிடம் இந்த இழையை முழுக்க வாசித்துக் காட்டினேன். பகுதி சபைக்கு வருகிறாராம். ஒன்றே ஒன்று கேட்டார்: காலை வேலை ஆறு மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டுக்குத்தான் முடியும், கூட்டத்தைப் பதினொரு மணிக்கு வைத்தால் எப்படி வருவது?

பந்தலூர்_மகள் (குன்னூர்)

அப்போது முதல் மனுவே இதுதான். கூட்டத்தை மாலை நான்கு மணிக்கு மாற்றக் கேட்டு இன்றைக்கே எழுதுகிறேன். குன்னூருக்கு ஒன்று, உதகைக்கு ஒன்று. அந்தப் படிக்கட்டு அக்காக்களில் இரண்டு பேரை நேற்று மார்க்கெட்டில் பார்த்தேன், அவர்களும் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்கள். தம்பி, உதகை மனுவில் அம்மாவின் பெயரை முதலில் போடலாமா என்று கேட்டுச் சொல்.

காந்தல்_பையன்

போடலாமாம் அக்கா. வண்டிச் சக்கரத்தின் அளவையும் அதிலேயே எழுதச் சொல்கிறார்.